‘மிஸ்ஸா’ என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாம் திருப்பலி என்று அழைக்கும் வழிபாட்டுக்கு இலத்தீன் மொழியில் ‘மிஸ்ஸா’ என்று பெயர். கத்தோலிக்கத் திருச்சபையின் வாழ்வுக்கு நடுவில் இருக்கும் இந்த வழிபாட்டின் பெயர், பலியையோ விருந்தையோ நன்றியையோ குறிக்காமல், வழிபாடு முடிந்து மக்கள் வெளியேறும் அந்த ஒரு நொடியைக் குறிக்கிறது என்று சொன்னால் பலரும் முதலில் நம்புவதில்லை. மறைக்கல்வி வகுப்பில் சிறுவர் கேட்டவை, பெரியவர்கள் தயங்கித் தனியே கேட்டவை எனச் சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ‘மிஸ்ஸா’ என்பதன் நேர்ப்பொருள் என்ன?

அனுப்பிவைத்தல், விடைகொடுத்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். இலத்தீனில் ‘மித்தெரே’ என்றால் அனுப்புவது. அதிலிருந்து ‘மிஸ்ஸியோ’ என்ற பெயர்ச்சொல் பிறந்தது. அதற்கு அனுப்புகை என்று பொருள். பிற்கால இலத்தீனில், குறிப்பாகப் பொதுமக்கள் பேச்சில், இப்படி ‘இயோ’ என முடியும் நீண்ட பெயர்ச்சொற்களுக்கு மாற்றாகச் சுருங்கிய வடிவங்கள் வழக்கத்துக்கு வந்தன. பாவமன்னிப்பைக் குறிக்கும் ‘ரெமிஸ்ஸியோ’ என்ற சொல்லை 3ஆம் நூற்றாண்டில் கார்த்தேசு நகர ஆயர் புனித சிப்ரியான் ‘ரெமிஸ்ஸா’ என்று எழுதுகிறார். அதே பாங்கில்தான் ‘மிஸ்ஸியோ’ ‘மிஸ்ஸா’ ஆனது. இந்தச் சிறிய இலக்கணச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல குழப்பங்கள் தாமாகவே தெளியும்.

கேள்வி: ‘இத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்ற இலத்தீன் தொடரை எப்படிப் புரிந்துகொள்வது?

வழிபாட்டின் இறுதியில் திருத்தொண்டர், அவர் இல்லாதபோது குருவே, சொல்லும் தொடர் இது. ‘இத்தே’ என்றால் செல்லுங்கள். ‘எஸ்த்’ என்றால் இருக்கிறது அல்லது ஆகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘செல்லுங்கள், இது விடைகொடுப்பு’ என்பதே இதன் பொருள். ‘திருப்பலி முடிந்தது’ என்று பெயர்ப்பது பிழையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அது ‘மிஸ்ஸா’ என்ற சொல் வழிபாட்டின் பெயராக மாறிவிட்ட பிறகு ஏற்பட்ட பொருள். இந்தத் தொடர் முதன்முதலில் ஒலித்த காலத்தில் அதைக் கேட்டவர்கள், ஒரு கூட்டம் முறைப்படி கலைக்கப்படுகிறது என்பதையே புரிந்துகொண்டிருப்பார்கள்.

இது கோவிலுக்கு மட்டும் உரிய தொடராகவும் இருக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வியென் நகர ஆயர் புனித அவித்துஸ், பர்கண்டி அரசன் குந்தோபாதுக்கு எழுதிய மடலில் இதை விளக்குகிறார். கோவில்களிலும் அரண்மனைகளிலும் நீதிமன்றங்களிலும், கூடியிருந்த மக்களை அனுப்பிவைக்கும்போது ‘மிஸ்ஸா’ என்று அறிவிக்கப்படுகிறது என்கிறார் அவர். வழக்கு முடிந்ததும் நீதிமன்றத்தில் கேட்ட அதே சொல்லைத்தான் மக்கள் கோவிலிலும் கேட்டார்கள்.

ஏறத்தாழ 700ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட உரோமை வழிபாட்டுக் குறிப்பு ஒன்று, திருத்தந்தை நிறைவேற்றும் திருப்பலியின் முடிவை மிக அருகிலிருந்து காட்டுகிறது. இறுதி மன்றாட்டு முடிந்ததும், அதற்கென நியமிக்கப்பட்ட திருத்தொண்டர் திருத்தந்தையின் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். திருத்தந்தை தலையசைத்துக் குறிப்புக் காட்டுகிறார். அதன் பிறகே அவர் மக்களை நோக்கி ‘இத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்கிறார். மக்கள் ‘இறைவனுக்கு நன்றி’ என்று பதில் சொல்கிறார்கள். அந்தத் தலையசைப்பு எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கூட்டம் தானாகக் கலையவில்லை, அனுப்பப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கேள்வி: தமிழில் ‘செல்லுங்கள்’ என்று சொல்லாமல் ‘சென்று வாருங்கள்’ என்று சொல்வது ஏன்?

தமிழ் மொழி விடைகொடுக்கும் முறையே அதுதான். நாம் யாரையும் ‘போ’ என்று அனுப்புவதில்லை. ‘போய் வா’ என்கிறோம். இலத்தீன் தொடரில் திரும்பி வருவதைப் பற்றிய குறிப்பு இல்லை. அங்கே இருப்பது வெறும் ‘செல்லுங்கள்’. ஆனால் வாரந்தோறும், நாள்தோறும் திரும்ப வருகிறவர்களை நோக்கிச் சொல்லப்படும் தொடருக்கு நம் மொழியின் வழக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

கேள்வி: முடிவில் வரும் ஒரு சொல் முழு வழிபாட்டுக்கும் பெயரானது எப்படி?

இந்தப் பக்கத்தின் மையமான கேள்வி இதுதான்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ‘வெற்றிலை நட்டான்’ என்கிறோம். நட்டது இலையை அல்ல, கொடியை. உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கு ஆகிவரும் இதைச் சினையாகுபெயர் என்கிறோம். ‘மிஸ்ஸா’ என்பதும் அப்படி ஆகிவந்த பெயரே. ஆனால், எத்தனையோ உறுப்புகள் இருக்க, முடிவு மட்டும் ஏன் பெயராக நிலைத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பழைய வழிபாட்டில் விடைகொடுப்பு ஒரே ஒரு முறை நிகழவில்லை என்பது இதற்கு ஒரு காரணம். இறைவாசகங்களும் மறையுரையும் முடிந்ததும், திருமுழுக்குப் பெற ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர்களுக்காக மன்றாடி, அவர்களை அனுப்பிவைத்தார்கள். வழிபாட்டின் எஞ்சிய பகுதியில் திருமுழுக்குப் பெற்றவர்கள் மட்டுமே பங்கேற்றார்கள். இறுதியில் அவர்களுக்கும் விடைகொடுக்கப்பட்டது. இரண்டு வாசல்கள் போல இரண்டு விடைகொடுப்புகள் வழிபாட்டைப் பகுத்து நின்றன. இடைக்காலத்தில் முதற்பகுதியை ‘ஆயத்தமாவோரின் மிஸ்ஸா’ என்றும் அடுத்த பகுதியை ‘நம்பிக்கை கொண்டோரின் மிஸ்ஸா’ என்றும் அழைத்ததற்கு அடிப்படை இதுவே.

அடுத்த காரணம், விடைகொடுப்பு வெறும் அறிவிப்பாக இருந்ததில்லை என்பது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில், 381க்கும் 384க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எருசலேமில் தங்கியிருந்த எகேரியா என்னும் திருப்பயணி, அங்கு தாம் கண்ட வழிபாடுகளைத் தம் தோழியருக்கு எழுதினார். காலை வழிபாட்டின் முடிவை அவர் விவரிக்கும் இடத்தைப் பாருங்கள். ஆயர் முதலில் ஆயத்தமாவோரை ஆசீர்வதிக்கிறார், பிறகு நம்பிக்கை கொண்டோரை ஆசீர்வதிக்கிறார், அதன்பின் ஒவ்வொருவராக அவருடைய கையருகே வருகிறார்கள், பிறகு ‘மிஸ்ஸா’ ஆகிறது. எத்தனை நிதானமாக நடந்திருக்க வேண்டும்! ஒவ்வொருவரும் ஆயரின் கையருகே வந்து செல்லும்வரை யாரும் அவசரப்பட்டிருக்க மாட்டார்கள். இப்படி விடைகொடுப்பு என்றால் ஆசீர் என்றானது. ஆசீர் இருக்கும் வழிபாடு எல்லாம் ‘மிஸ்ஸா’ என்றானது. வழிபாடுகளுள் தலையாயது அந்தப் பெயரைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டது. எகேரியாவின் எழுத்திலேயே இந்தச் சொல் சில இடங்களில் விடைகொடுப்பையும் வேறு சில இடங்களில் வழிபாட்டையும் குறிப்பதைக் காணலாம்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரை இறையியலாளர்கள் கூடி உட்கார்ந்து தேர்ந்திருந்தால் வேறு சொல்லைத்தான் தேர்ந்திருப்பார்கள். இது மக்கள் வைத்த பெயர். வாசலைத் தாண்டும் நேரத்தில் காதில் கடைசியாக விழுந்த சொல்லை அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அடுத்த வாரம் அதே சொல்லால் வழிபாட்டை அழைத்தார்கள். அறிஞர்களின் விளக்கங்கள் எல்லாம் அதற்குப் பிறகே வந்தன.

கேள்வி: ‘மிஸ்ஸா’ என்ற சொல் இந்தப் பொருளில் முதலில் எங்கே காணப்படுகிறது?

பெரும்பாலோர் சுட்டிக்காட்டுவது மிலான் நகர ஆயர் புனித அம்புரோஸ் தம் உடன்பிறப்பான மார்செல்லினாவுக்கு எழுதிய மடலை. அதன் காலத்தை 385 அல்லது 386 என்று குறிக்கிறார்கள். அது அமைதியான காலம் அல்ல. கிறிஸ்துவின் இறைத்தன்மையை முழுமையாக ஏற்காத ஆரியக் கொள்கையினருக்குக் கோவில் ஒன்றை ஒப்படைக்கும்படி அரசவை ஆயரை நெருக்கியது. அவர் மறுத்தார். பாஸ்காவுக்கு முந்திய ஞாயிறன்று, வாசகங்களும் மறையுரையும் முடிந்து ஆயத்தமாவோர் அனுப்பப்பட்ட பிறகு, கோவிலைக் கைப்பற்ற ஆள்கள் வருகிறார்கள் என்ற செய்தி அவருக்கு எட்டுகிறது. “ஆயினும் நான் என் பணியிலேயே நிலைத்திருந்தேன், ‘மிஸ்ஸா’ செய்யத் தொடங்கினேன்” என்று எழுதுகிறார். அவர் காணிக்கையை ஒப்புக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு செய்தி வருகிறது: ஆரியர்களின் குரு ஒருவரை மக்கள் தெருவில் பிடித்துவிட்டார்கள். அம்புரோஸ் அந்தப் பலியின் நடுவிலேயே அழுகிறார். திருச்சபையின் பெயரால் யாருடைய இரத்தமும் சிந்தப்படக் கூடாது என்று மன்றாடுகிறார். குருக்களையும் திருத்தொண்டர்களையும் அனுப்பி அந்த மனிதரை மீட்கிறார்.

இங்கே ‘மிஸ்ஸா’ என்பது திருப்பலியைக் குறிக்கிறதா, விடைகொடுப்பைக் குறிக்கிறதா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். திருப்பலியையே குறிக்கிறது என்று படிப்பதே எனக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஏனெனில் ஆயத்தமாவோரை அனுப்பிய செய்தியை அவர் ஏற்கனவே சொல்லிவிட்டார், அடுத்த வரியிலேயே காணிக்கை ஒப்புக்கொடுப்பதைச் சொல்கிறார். ஆனாலும் இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு உறுதியாக வாதாடுவது முறையன்று.

அம்புரோஸிடம் திருமுழுக்குப் பெற்ற புனித அகுஸ்தினார் தம் மறையுரை ஒன்றில், “இதோ, மறையுரைக்குப் பின் ஆயத்தமாவோருக்கு மிஸ்ஸா ஆகும், நம்பிக்கை கொண்டோர் இருப்பார்கள்” என்கிறார். இங்கே ஐயத்துக்கே இடமில்லை, இது விடைகொடுப்புதான். ஆக, ஒரே தலைமுறையில் ஒரே சொல் இரண்டு பொருளிலும் வழங்கியிருக்கிறது. புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், நாளின் வேளைச் செபங்களின் முடிவையும் இதே சொல்லால் குறிக்கிறார்.

கேள்வி: ஆயத்தமாவோரை வெளியே அனுப்பியதால்தான் இந்தப் பெயர் வந்தது என்று படித்தேன். அது சரியா?

அது செவில் நகர ஆயர் புனித இசிதோர் தந்த விளக்கம். 636ஆம் ஆண்டு இறந்த இவர், சொற்களின் பிறப்பைப் பற்றிப் பெரிய தொகுப்பு ஒன்றை எழுதியவர். “ஆயத்தமாவோர் யாரேனும் எஞ்சியிருந்தால் வெளியே செல்லட்டும்” என்று திருத்தொண்டர் உரக்கச் சொல்லி அவர்களை அனுப்பும் வேளையே மிஸ்ஸா என்றும், பெயர் அதிலிருந்தே வந்தது என்றும் அவர் எழுதுகிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை. சொல்லின் வேர் அனுப்புதல் என்பதை அவர் சரியாகவே கண்டார். ஆனால் பெயர் அந்த முதல் விடைகொடுப்பிலிருந்து மட்டும் வந்தது என்பதை ஏற்பது கடினம். எகேரியாவும் ஆசீர்வாதப்பரும் வழிபாட்டின் இறுதியையும் அதே சொல்லால் குறிப்பதைப் பார்த்தோம்.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் வேறு விளக்கங்களைத் தொகுத்துத் தருகிறார். குரு தம் மன்றாட்டுகளை வானதூதர் வழியாக இறைவனிடம் அனுப்புகிறார். மக்கள் தம் மன்றாட்டுகளைக் குரு வழியாக அனுப்புகிறார்கள். கிறிஸ்துவே நமக்காக அனுப்பப்பட்ட பலிப்பொருள். ஆகவே இறுதியில் திருத்தொண்டர் ‘செல்லுங்கள், அனுப்பப்பட்டது’ என்று, பலி இறைவனிடம் அனுப்பப்பட்டதை அறிவிக்கிறார். சொல்லின் வரலாறாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. தியானமாக எடுத்துக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதும், நம்பிக்கை கொண்டோர் அதில் என்ன கண்டார்கள் என்பதும் வேறுவேறு கேள்விகள். இரண்டையும் கலக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

கேள்வி: இந்தச் சொல் எபிரேய மொழியிலிருந்து வந்தது என்கிறார்களே?

அப்படியொரு கருத்து 16ஆம் நூற்றாண்டில், எபிரேயக் கல்வி ஐரோப்பாவில் மீண்டும் தழைத்தபோது பரவியது. இணைச்சட்ட நூல் 16ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தில், மனமுவந்து தரும் காணிக்கையைக் குறிக்க ‘மிஸ்ஸா’ போலவே ஒலிக்கும் சொல் ஒன்று இருக்கிறது. ஒலி ஒற்றுமை உண்மை. உறவு இல்லை. ஆமென், அல்லேலூயா, ஓசன்னா போன்ற எபிரேயச் சொற்கள் இலத்தீன் திருச்சபைக்குக் கிரேக்கத்தின் வழியாகவே வந்தன. இந்தச் சொல் வழிபாட்டுப் பெயராகக் கிரேக்கத் திருச்சபையில் எங்கும் இல்லை. நடுவில் பாலம் இல்லாமல் எருசலேமிலிருந்து மிலானுக்கு ஒரு சொல் தாவ முடியாது.

கேள்வி: அதற்கு முன் இந்த வழிபாட்டை எப்படி அழைத்தார்கள்?

திருத்தூதர் பணிகள் நூல் ‘அப்பம் பிட்குதல்’ என்கிறது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் ‘ஆண்டவரின் திருவிருந்து’ என்கிறார். ‘நன்றி செலுத்துதல்’ என்னும் பொருளுடைய ‘எவுக்கரிஸ்தியா’ என்ற கிரேக்கச் சொல்லை, 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கிய ஆயர் புனித இஞ்ஞாசியாரும், அந்த நூற்றாண்டின் நடுவில் உரோமையில் எழுதிய புனித யுஸ்தினும் வழங்குகிறார்கள். அந்தச் சொல்லின் இடத்தில் தமிழில் நிற்பது நற்கருணை. கூடிவருதல் என்னும் பொருளில் ‘சினாக்சிஸ்’ என்ற பெயரும் இருந்தது.

கேள்வி: பிற மொழிகளில் இந்தச் சொல் எப்படி வழங்குகிறது?

இத்தாலியத்தில் மெஸ்ஸா, ஸ்பானியத்தில் மிசா, பிரெஞ்சில் மெஸ், ஜெர்மனில் மெஸ்ஸே, ஆங்கிலத்தில் மாஸ் என்று எல்லாமே ‘மிஸ்ஸா’வின் பிள்ளைகள். கிறிஸ்துமஸ் என்ற சொல்லின் பின்பாதியும் இதுவே. கிறிஸ்துவின் திருப்பலி என்பதே அதன் முதற்பொருள். ஜெர்மன் மொழியில் வணிகக் கண்காட்சிக்கும் மெஸ்ஸே என்றே பெயர், ஏனெனில் பெருவிழாத் திருப்பலிக்குக் கூடிய மக்களை நாடியே சந்தைகளும் கூடின. லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்த சுவீடன் நாட்டினர்கூடத் தம் ஞாயிறு வழிபாட்டுக்கு இந்த வேரிலிருந்து வந்த பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அயர்லாந்தும் வேல்ஸும் தனி வழியில் சென்றன. ஐரிஷ் மொழியில் ‘ஆஃப்ரன்’, வெல்ஷ் மொழியில் ‘ஒஃபெரென்’. இரண்டும் காணிக்கை ஒப்புக்கொடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை. சிரிய மரபில் வழங்கும் ‘குர்பானா’வும் காணிக்கையையே குறிக்கிறது. பைசாந்திய மரபினர் ‘தெய்வீக வழிபாடு’ என்கிறார்கள். விடைகொடுப்பு அவர்களிடமும் உண்டு. “அமைதியோடு புறப்படுவோம்” என்று அங்கே அறிவிக்கப்படுகிறது. ஆனால் அது வழிபாட்டின் பெயராக மாறவில்லை.

கேள்வி: ஆங்கிலத்தில் பெருந்திரளைக் குறிக்கும் ‘மாஸ்’ என்ற சொல்லும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது பிசைந்த மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, ‘மஸ்ஸா’ என்ற இலத்தீன் சொல்லின் வழியாக வந்தது. எழுத்து ஒன்றானது தற்செயல்.

கேள்வி: தமிழில் ‘பூசை’ என்பதும் ‘திருப்பலி’ என்பதும் எப்படி வந்தன?

போர்த்துக்கீசிய மறைப்பணியாளர்கள் 16ஆம் நூற்றாண்டில் தங்கள் மொழியின் ‘மிஸ்ஸா’வைத் தமிழ் நாவுக்கு ஏற்ப ஒலிபெயர்த்தே வழங்கினார்கள். அது முகத்தில் வளரும் மீசையின் ஒலியோடு மயங்கியது. இத்தகைய ஒலிபெயர்ப்புகளைத் தவிர்த்து, மக்கள் ஏற்கனவே வழிபாட்டுக்கு வழங்கிவந்த சொற்களை எடுத்தாள வேண்டும் என்ற நிலைப்பாட்டை, 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் எடுத்தார். பூசை என்ற சொல் ஊன்றியது அந்தப் போக்கில்தான். திவ்விய பலிபூசை, பாடற்பூசை, பூசைக் கருத்து என்று அது கிளைத்தது. மூத்த தலைமுறையினர் இன்றும் ‘பூசை காண’ப் போவதாகவே சொல்கிறார்கள், அந்தச் சொல்லில் இருக்கும் பக்தியை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. அதன்பின் தமிழில் வந்த வழிபாட்டு நூல்களில் ‘திருப்பலி’ நிலைபெற்றது. இது மிஸ்ஸாவின் மொழிபெயர்ப்பு அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். இலத்தீன் பெயர் வழிபாட்டின் முடிவைப் பிடித்துக்கொண்டது. தமிழ்ப் பெயர் அதன் உட்பொருளைப் பிடித்துக்கொண்டது. எது சிறந்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தமிழ்ப் பெயரைச் சொல்லுங்கள், இலத்தீன் பெயரின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ‘மிஸ்ஸா’ என்ற சொல்லில் பலி என்ற பொருள் இல்லையென்றால், திருப்பலி ஒரு பலி என்ற நம்பிக்கை வலுவிழக்குமா?

சிறிதும் இல்லை. அந்த நம்பிக்கை சொல்லின் வேரிலிருந்து எடுக்கப்பட்டதன்று. “உங்களுக்காகக் கொடுக்கப்படும் என் உடல்”, “உங்களுக்காகச் சிந்தப்படும் என் இரத்தம்” என்று ஆண்டவர் இறுதி இராவுணவில் சொன்ன சொற்களின் மேல் அது நிற்கிறது. திரெந்து பொதுச்சங்கம் 1562ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் தன் 22ஆம் அமர்வில், சிலுவையில் ஒப்புக்கொடுக்கப்பட்ட அதே கிறிஸ்து திருப்பலியில் இரத்தம் சிந்தாத முறையில் ஒப்புக்கொடுக்கப்படுகிறார் என்று கற்பித்தது.

கேள்வி: மிஸ்ஸா என்றால் ‘மறைப்பணிக்கு அனுப்பப்படுதல்’ என்று மறையுரைகளில் கேட்கிறோம். அது சொல்லின் பழைய பொருளா?

பழைய பொருள் அன்று. ஆனால் அதிலிருந்து முறையாக விரிந்த பொருள். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட, நற்கருணை பற்றிய திருத்தூது ஊக்கவுரையில் இதை நேர்மையாகப் பிரித்துக் காட்டுகிறார். பழங்காலத்தில் இந்தச் சொல் விடைகொடுப்பை மட்டுமே குறித்தது என்றும், கிறிஸ்தவ வழக்கில் அது மெல்ல ஆழமான பொருளைப் பெற்று, அனுப்பப்படும் பணியைக் குறிக்கலாயிற்று என்றும் அவர் எழுதுகிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் தன் 1332ஆம் எண்ணில், நம்பிக்கை கொண்டோர் இறைத்திருவுளத்தைத் தம் அன்றாட வாழ்வில் நிறைவேற்றுமாறு அனுப்பப்படுவதோடு வழிபாடு முடிவதால் இந்தப் பெயர் என்கிறது. அடுத்த ஆண்டு, 2008இல், இலத்தீன் திருப்பலி நூலில் புதிய விடைகொடுப்புத் தொடர்கள் சேர்க்கப்பட்டன. ‘சென்று ஆண்டவரின் நற்செய்தியை அறிவியுங்கள்’, ‘உங்கள் வாழ்வால் ஆண்டவரை மாட்சிப்படுத்திக்கொண்டு அமைதியுடன் செல்லுங்கள்’ என்பன அவற்றுள் அடங்கும்.

நீதிமன்றக் கூட்டத்தைக் கலைக்கப் பயன்பட்ட ஒரு சொல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. இந்த வளர்ச்சியை நான் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். ‘ஆதியிலேயே இதுதான் பொருள்’ என்று சொல்வதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: பழைய இலத்தீன் முறையில் ‘இத்தே, மிஸ்ஸா எஸ்த்’ சொன்ன பிறகும் வழிபாடு தொடர்ந்ததாமே?

ஆம். அந்தத் தொடருக்குப் பின்னரே குரு மக்களுக்கு ஆசீர் வழங்கினார். அதன் பிறகு யோவான் நற்செய்தியின் தொடக்க வசனங்கள் பதினான்கும் வாசிக்கப்பட்டன. தனிப்பட்ட பக்தியாகத் தொடங்கியவை காலப்போக்கில் வழிபாட்டோடு ஒட்டிக்கொண்டன. 1964ஆம் ஆண்டின் விதிமுறை அந்த இறுதி நற்செய்தியை நீக்கியது. இன்றைய முறையில் ஆசீர் முதலிலும் விடைகொடுப்பு அதன் பின்னும் வருகின்றன. எகேரியா கண்ட வரிசையும் அதுவே. இறந்தோருக்கான திருப்பலியில் பழைய முறையில் ‘இத்தே’ சொல்லப்படவில்லை. மக்களை அனுப்பும் தொடருக்கு மாற்றாக, ‘அவர்கள் அமைதியில் இளைப்பாறுவார்களாக’ என்ற மன்றாட்டு சொல்லப்பட்டது.

கேள்வி: விடைகொடுப்பதற்கு முன்பே எழுந்து போய்விடுவது தவறா?

நோயும் கைக்குழந்தையும் வேலை நேரமும் இருப்பவர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. மற்றவர்கள் இந்தச் சொல்லின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு தாங்களே முடிவு செய்யட்டும்.

இது புதிய சிக்கலும் அன்று. 542ஆம் ஆண்டு இறந்த ஆர்ல் நகர ஆயர் புனித செசாரியுஸ், வாசகங்கள் முடிந்ததும் வெளியேறிவிடும் மக்களைக் கண்டு மிகவும் வருந்தினார். வாசகங்கள் படிக்கப்படும்போது அல்ல, காணிக்கைகள் ஒப்புக்கொடுக்கப்பட்டு ஆண்டவரின் உடலும் இரத்தமும் அர்ச்சிக்கப்படும்போதே ‘மிஸ்ஸா’ நடக்கிறது என்று அவர் மறையுரையில் எடுத்துச் சொன்னார். சொல்லின் பொருள் அவர் காலத்தில் எவ்வளவு மாறிவிட்டது என்பதற்கு இதுவே நல்ல சான்று. வாசகங்களை வீட்டிலும் படிக்கலாம், படிக்கக் கேட்கலாம். அர்ச்சிப்பை இறைவனின் இல்லத்தில் மட்டுமே கேட்கவும் காணவும் முடியும் என்பது அவருடைய வாதம். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் இன்னொரு செய்தியையும் குறித்திருக்கிறார்கள்: நற்செய்தி வாசித்து முடிந்ததும் அவர் பலமுறை கோவில் கதவுகளை அடைக்கச் செய்தார். உரிய நேரம் வந்து, விடைகொடுத்த பிறகே அவை திறந்தன.